போய் வந்தவர் சொல்லும் வழி: புற்றுநோயில் ‘மீண்டவர் துணை’ என்றால் என்ன?

அம்மாவுக்கு முதல் கீமோ போட்ட நாள். திருச்சியில் நாங்கள் போன மருத்துவமனையின் டே கேர் வார்டில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். அம்மாவுக்கு ஜன்னலோரம் இரண்டாவது இடம் கிடைத்தது. பெரிய சிரிஞ்சில் ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு மருந்தை நர்ஸ் மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். நர்ஸ் நகர்ந்ததும் அம்மா பக்கம் சாய்ந்து சொன்னார்:

“அக்கா, சாயங்காலம் ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போகும். பயந்துராதீங்க. ரத்தம் இல்ல, இந்த மருந்தோட கலர்தான். நாளைக்குச் சரியாயிரும். எனக்குத் தெரியாமப் போச்சு, அழுது ஊரைக் கூட்டிட்டேன்.”

அன்று மாலை அப்படியேதான் ஆனது. அம்மா பாத்ரூமிலிருந்து வெளியே வந்து, “அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். டாக்ஸோரூபிசின் என்ற அந்த மருந்து சிறுநீரை ஓரிரு நாள் சிவப்பாக்கும் என்பது நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்திலும் இருந்தது. நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

இந்தக் கட்டுரை அந்தப் புதுக்கோட்டைப் பெண் செய்த காரியத்தைப் பற்றியது. அதற்கு உலகம் முழுவதும் ஒரு பெயர் இருக்கிறது, எழுபது ஆண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது, முறைகள் இருக்கின்றன, எல்லைகளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘பியர் சப்போர்ட்’ என்பார்கள். தமிழில் ‘சக ஆதரவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் வறட்சியாகப் படுகிறது. இங்கே ‘மீண்டவர் துணை’ என்றே சொல்கிறேன்.

யார் யாருக்குத் துணை?

விஷயம் எளிமையானது. ஒரு புற்றுநோயைக் கடந்து வந்த ஒருவர், அதே நோயை இப்போது எதிர்கொள்ளும் இன்னொருவருக்குத் தன் அனுபவத்தை வைத்துத் துணை நிற்பது. சம்பளம் கிடையாது. வைத்தியம் கிடையாது. மனநல ஆலோசனையும் கிடையாது. ‘நான் இந்த வழியாகப் போய் வந்தேன், உங்களோடு கொஞ்ச தூரம் நடக்கிறேன்’ என்பதுதான்.

‘மீண்டவர்’ என்றால் நோய் முழுக்கக் குணமாகி ஐந்து வருஷம் தாண்டியவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் 32ஆவது வயதில் புற்றுநோய்க்கு ஆளானவர். 1985இல் ஒரு மருத்துவ இதழில் தன் அனுபவத்தை எழுதினார். குணமானவர், ஆகாதவர் என்று இரண்டாகப் பிரிப்பது நடப்பில் பொருந்தவில்லை. நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே ஒருவர் அதோடு வாழத் தொடங்கிவிடுகிறார், அந்த வாழ்க்கை பல பருவங்களாகப் போகிறது என்றார். அடுத்த ஆண்டு அவரும் வேறு சிலரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு இந்தப் பார்வையைப் பரப்பியது. அதன்படி, மாத்திரையிலேயே காலம் தள்ளுகிறவரும், நோய் திரும்பி வந்து மறுபடி சிகிச்சையில் இருப்பவரும்கூட இன்னொருவருக்குத் துணையாக இருக்கலாம். சில சமயம் அவர்தான் சரியான துணை. நோய் திரும்பி வந்தவரிடம், முழுக்கக் குணமானவர் வந்து உட்கார்ந்து பேசினால் வலிக்கத்தான் செய்யும்.

சரி, வீட்டில் இத்தனை பேர் இருக்கும்போது வெளியாள் எதற்கு?

இதை நான் அம்மாவிடம் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எங்களிடம் அம்மா ஒருநாளும் ‘பயமா இருக்கு’ என்று சொன்னதில்லை. சொன்னால் நாங்கள் உடைந்துபோவோம் என்று அவருக்குத் தெரியும். நாங்களும் எங்கள் பயத்தை அவரிடம் காட்டவில்லை. “ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா இரு” என்பதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். நல்ல மனசோடு சொல்வதுதான், ஆனால் அந்த வார்த்தை பேச்சை அங்கேயே மூடிவிடுகிறது. அதற்கு மேல் நோயாளி என்ன சொல்ல முடியும்? அந்தப் பெண்ணிடம் மட்டும், மூன்றாவது கீமோவின்போது, “இதெல்லாம் பண்ணியும் போயிட்டேன்னா?” என்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. அவர் பதறவில்லை. “நானும் அதையேதான்க்கா ராத்திரி ராத்திரி நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன்” என்றார். பிறகு இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள்.

மருத்துவர் சொல்வது பல நூறு நோயாளிகளைப் பார்த்த அறிவு. மீண்டவர் சொல்வது ஒரே ஓர் உடம்பின் அறிவு. இரண்டும் தேவை. நாக்கில் இரும்புச் சுவை ஊறும்போது எவர்சில்வர் ஸ்பூனை விட்டுவிட்டு பிளாஸ்டிக் ஸ்பூனில் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்பது, முடி கொட்டத் தொடங்கும் முன்பே சின்னதாக வெட்டிக்கொண்டால் தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்க்கும் அதிர்ச்சி குறையும் என்பது, கரன்ட் (கதிர்வீச்சு) வைக்கும் நாட்களில் தோளை உரசாத பழைய பருத்தி ரவிக்கைதான் சுகம் என்பது, புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லாம் எங்களுக்கு அந்த நாற்காலி வரிசையில் கிடைத்த அறிவுதான்.

நியூயார்க்கில் ஒரு பெண் கேட்ட கேள்விகள்

மார்பகப் புற்றுநோயில் இந்தத் துணையை ஒரு முறையாக ஆக்கியவர் டெரீஸ் லாசர். 1952இல் நியூயார்க்கில் மார்பில் ஒரு கட்டியைச் சோதிக்க மருத்துவமனைக்குப் போனார். அந்தக் காலத்தில் கட்டியைச் சோதிப்பதும், புற்று என்று தெரிந்தால் உடனே மார்பகத்தை எடுத்துவிடுவதும் ஒரே மயக்கத்தில் நடக்கும். அவர் கண் விழித்தபோது ஒரு மார்பகம் இல்லை. மார்புத் தசையோடும் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களோடும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சை அது.

அவரிடம் கேள்விகள் இருந்தன. கையை எப்போது தூக்கலாம்? உள்ளே என்ன வைத்து ரவிக்கை போடுவது? கணவரிடம் எப்படி நடந்துகொள்வது? பதில் சொல்ல ஆள் இல்லை. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுதான் அன்றைய மனநிலை.

அவரே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். பிறகு அதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களை மருத்துவமனைகளில் போய்ப் பார்க்கத் தொடங்கினார். கையில் ஒரு ரப்பர் பந்து, கயிறு, தற்காலிகமாக உள்ளே வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுப் பொதி. பந்தும் கயிறும் தோளையும் கையையும் பழையபடி அசைக்கப் பயிற்சி செய்வதற்கு. சில அறுவை மருத்துவர்களுக்குப் பிடிக்கவில்லை. தங்கள் நோயாளியிடம் பேச இவர் யார் என்று கேட்டார்கள். அவர் விடவில்லை. அந்த முயற்சிதான் ‘ரீச் டு ரெகவரி’. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. 1974இல் பாரிஸில் வாழ்ந்த ஃபிரான்சின் டிமத்தி என்ற அமெரிக்கப் பெண் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அப்புறம் பல நாடுகளுக்குப் பரவியது.

அந்தக் காலத்தின் வாய்மூடலைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். 1950களின் தொடக்கத்தில் ஃபேனி ரோசெனோ என்ற பெண், மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் குழுவுக்காக நியூயார்க் டைம்ஸில் ஒரு விளம்பரம் கொடுக்கப் போனாராம். ‘மார்பகம்’ என்ற சொல்லையும் அச்சிட முடியாது, ‘புற்றுநோய்’ என்ற சொல்லையும் அச்சிட முடியாது என்றார்களாம். ‘மார்புச் சுவரின் நோய்கள்’ என்று போடலாமா என்று கேட்டார்களாம். இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. எங்கள் தெருவில் இன்றைக்கும் ‘அந்த நோய்’ என்றுதான் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. “அவங்களுக்குக் கட்டியாம்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. பேர் சொல்லக்கூட முடியாத ஒரு நோயோடு ஒருவர் தனியாக எப்படி இருப்பார்?

பேச்சு போனவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள்

மீண்டவர் துணையை வெறும் ஆறுதல் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் குரல்வளை நீக்கப்பட்டவர்கள்.

தொண்டைப் புற்று முற்றினால் சிலருக்குக் குரல்வளையை முழுக்க எடுத்துவிட வேண்டிவரும். கழுத்தில் ஒரு துளை போட்டு அதன் வழியாக மூச்சு விடுவார்கள். குரல்நாண்கள் போய்விடுவதால் பேச்சு நின்றுவிடும். ஆனால் பேச வேறு வழி உண்டு. காற்றை வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பம் விடுவதுபோல வெளியே விட்டு, அந்த அதிர்வையே வார்த்தையாக மாற்றலாம். கரகரப்பாக, கட்டையாக இருக்கும், ஆனால் பேச்சுதான். இதைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

இதை யார் சொல்லிக்கொடுப்பது? அறுவை செய்த மருத்துவரின் குரல்வளை அவர் கழுத்தில் பத்திரமாக இருக்கிறது. அவரால் விளக்கத்தான் முடியும். குரல்வளை இல்லாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, கழுத்துத் துளையை மறைக்கும் துணியோடு, “காற்றை முழுங்காதீங்க, உள்ளே அடக்குங்க, இப்ப ‘பா’ சொல்லுங்க” என்று பேசிக் காட்டும்போதுதான் அது நடக்கக்கூடிய காரியம் என்று மற்றவர் நம்புகிறார். அமெரிக்காவில் இப்படி ஊருக்கு ஊர் குரல்வளை நீக்கப்பட்டவர்களின் சங்கங்கள் முளைத்தன. 1952இல் அவை சேர்ந்து ஒரு சர்வதேசச் சங்கமாகவும் ஆயின. லாசர் படுக்கையில் கிடந்த அதே ஆண்டு. இப்போது மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்ன வால்வு பொருத்திப் பேசவைக்கும் முறை வந்திருக்கிறது. அந்த வால்வை எப்படிச் சுத்தம் செய்வது, குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கும் அதை வைத்திருப்பவர் சொல்லித்தருவதுபோல் வராது.

வயிற்றில் பை கட்டியவர்கள் கதையும் இதேதான். மலக்குடல் புற்றுக்குப் பிறகு சிலருக்கு வயிற்றில் ஒரு வாய் திறந்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்வார்கள். வாசனை வருமா, பஸ்ஸில் போக முடியுமா, கல்யாண வீட்டில் சாப்பிடலாமா என்ற கேள்விகளை யாரிடம் கேட்பது? எதிரே இஸ்திரி போட்ட சட்டையும் வேட்டியுமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர், தனக்கும் அந்தப் பை இருக்கிறது என்று சொல்லும்வரை நமக்குத் தெரியவே இல்லை என்றால், பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

இந்தியாவில்: தினம் ஒரு மாத்திரை, விடாமல்

நம் நாட்டில் 2022இல் மட்டும் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 14 லட்சத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. பெரிய மருத்துவமனைகளில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்க முடிகிற நேரம் சில நிமிடங்கள்தான். அது மருத்துவரின் குற்றமில்லை, வாசலில் நிற்கும் கூட்டம் அப்படி. அதனால் இங்கே மீண்டவர்களின் வேலை இன்னும் கூடுதல்.

மும்பையில் வந்தனா குப்தா என்பவர் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றிலிருந்து மீண்டவர். 1994இல் ‘வி கேர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். புற்றுநோயைக் கடந்தவர்களே தொண்டர்களாகப் போய் நோயாளிகளோடு பேசுவது அதன் அடிப்படை.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது இன்னொன்று. மேக்ஸ் ரிவரோலா என்ற இளைஞர் சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அவர் நினைவாகக் குடும்பத்தார் 1997இல் அமெரிக்காவில் மேக்ஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். 2001இல் அந்த நோய்க்கு இமாட்டினிப் என்ற மாத்திரை அங்கே அனுமதி பெற்றது. அதுவரை பலருக்குச் சில ஆண்டுகளில் முடிந்துபோன வாழ்க்கை, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற வாழ்க்கையாக மாறியது. இந்தியாவில் அந்த மாத்திரையை எடுத்துக்கொள்பவர்கள் சேர்ந்து உருவான குழுதான் ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்’. அதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் விஜி வெங்கடேஷ்.

இங்கே துணை எதற்குத் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் நோயாளிக்கு உடம்பு நன்றாக ஆகிவிடும். காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை, ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வருகிறது. ‘இனி எதுக்கு மாத்திரை?’ என்று தோன்றும். சில நாள் விட்டுவிடுவார். கால் பிடித்து இழுக்கிறது, கண் கீழே வீங்குகிறது, போடாத நாளில் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவார். நோய் உள்ளேயிருந்து திரும்பி வந்துவிடும். ‘விடாமல் போடுங்கள்’ என்று மருத்துவர் சொன்னால் அது அறிவுரை. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள்கூட விடாமல் போட்டுக்கொண்டு, மகள் கல்யாணத்தையும் முடித்துவிட்டு, எதிரே வந்து உட்காருகிறவர் சொன்னால் அது கண்முன் நிற்கும் சாட்சி. மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டு நிறையத் தண்ணீர் குடித்தால் குமட்டல் குறைகிறது என்பதையும் அவரே சொல்வார்.

யாரை யாரோடு சேர்ப்பது?

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். ஒரே நோய் என்பது மட்டும் போதாது.

ஆட்ரி லார்ட் என்ற அமெரிக்கக் கவிஞருக்கு 1978இல் மார்பகத்தை எடுத்தார்கள். ரீச் டு ரெகவரியிலிருந்து ஒரு பெண் வந்தார். அன்பாகத்தான் பேசினார். ஆட்டு ரோமத்தை அடைத்து மார்பு வடிவில் செய்த ஒரு பொதியைக் கொடுத்தார். வெளிர் ரோஜா நிறம். லார்ட் கறுப்பினப் பெண், ஒரு பெண்ணோடு வாழ்ந்தவர். அந்தப் பொதியின் நிறம் அவர் தோலின் நிறம் இல்லை. ஆண்கள் முன்னால் பழையபடி தோன்றுவது எப்படி என்ற பேச்சு அவருக்கு வேண்டிய பேச்சும் இல்லை. பின்னால் இதைப் பற்றிக் கோபத்தோடும் தெளிவோடும் எழுதினார். இழந்ததை மறைக்கச் சொல்வது எப்படித் துணையாகும் என்பது அவர் கேள்வி. லாசர் திறந்த கதவு பெரியதுதான். ஆனால் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர் எல்லாருக்கும் ஏற்றவராக இருக்கவில்லை.

அதனால்தான் நன்றாக நடக்கும் திட்டங்களில் நோயின் வகை, எந்த நிலை, என்ன சிகிச்சை, வயது, ஆணா பெண்ணா, குழந்தைகள் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுப் பொருத்தம் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஜானி இமெர்மன் என்பவருக்கு 26 வயதில் விரைப் புற்றுநோய் வந்தது. தன் வயதில், தன்னைப் போல அதைக் கடந்த ஒருவரைக்கூடப் பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கத்திலிருந்து அவர் சிகாகோவில் தொடங்கிய ‘இமெர்மன் ஏஞ்சல்ஸ்’ அமைப்பின் வேலையே ஒருவருக்கு ஒருவரைப் பொருத்திவிடுவதுதான். இருபத்தாறு வயதுக்காரருக்குக் குழந்தை பெற முடியுமா என்பது முதல் கேள்வி. அறுபது வயதுக்காரருக்கு அது கேள்வியே இல்லை.

நம் ஊரில் இதோடு மொழியையும் பேச்சு வழக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யார் வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதையும். “மாமியார்கிட்ட எப்படிச் சொல்றது?” என்று ஒரு பெண் கேட்டால், அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

தொண்டராக வருகிறவருக்கும் தகுதி பார்ப்பது உண்டு. சிகிச்சை முடிந்து குறைந்தது ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று பல அமைப்புகள் கேட்கின்றன. காரணம் இருக்கிறது. தன் காயம் ஆறாமல் இருப்பவர், கேட்க உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பயிற்சியில் முதலில் சொல்லித்தருவதே கேட்பதைத்தான். அவர் கேட்டால் ஒழிய உங்கள் கதை வேண்டாம். கேட்டாலும் சுருக்கமாக. அழுதால் அழட்டும், உடனே தண்ணீர் பாட்டிலை நீட்டி நிறுத்த வேண்டாம். அங்கே பேசியது அங்கேயே இருக்கட்டும்.

இதனால் ஆயுள் கூடுமா?

நேர்மையாகப் பேச வேண்டிய இடம் இது.

1989இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உடம்பில் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வாரம் ஒருமுறை, ஓராண்டு, மனநல நிபுணர் வழிநடத்தும் குழுவில் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதங்களும் மற்றவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்தார்கள் என்று முடிவு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 2001இல் கனடாவில் பமேலா குட்வின் தலைமையில் 235 பெண்களிடம் செய்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனத் துயரமும் வலியின் உணர்வும் குறைந்தன, அதிலும் தொடக்கத்தில் அதிகத் துயரத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தன. ஸ்பீகலே திரும்பச் செய்த ஆய்விலும் மொத்தத்தில் பழைய பலன் வரவில்லை.

ஆக, குழுவில் சேர்ந்தால் நோய் குணமாகும், மனசு தைரியமாக இருந்தால் கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பேச்சுக்குள் ஒரு கொடுமை இருக்கிறது. நோய் முற்றியவர், தான் சரியாகத் தைரியப்படவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொள்வார். வலி குறைந்தது, ராத்திரி தூக்கம் வந்தது, வீட்டாரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தது. இவை ஆயுளைக் கூட்டாவிட்டாலும் மதிப்புள்ளவைதான்.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. விக்கி ஹெல்கெசன் என்ற உளவியலாளர் பிட்ஸ்பர்கில் மார்பகப் புற்றுநோய் வந்த 312 பெண்களை ஆராய்ந்தார். நோயைப் பற்றித் தெளிவாகச் சொல்லித்தந்த குழுக்கள் பலன் தந்தன. வெறுமனே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிய குழுக்கள், வீட்டிலும் மருத்துவரிடமும் போதிய ஆதரவு இல்லாத பெண்களுக்கு உதவின. ஏற்கெனவே நல்ல ஆதரவு இருந்தவர்களுக்கோ அவை பாதகமாகவே ஆயின. நன்றாக இருந்தவருக்கு மற்றவர்களின் துயரமும் சேர்ந்து பாரமாகிவிடும்போல. ஆகவே ‘எனக்குக் குழு வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் நடக்கும் கெடுதலையும் சொல்லியாக வேண்டும். முள் சீத்தா இலைக் கஷாயம் கீமோவைவிடப் பல மடங்கு வலிமையானது என்று ஒரு செய்தி பல வருஷமாகச் சுற்றுகிறது. அதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. அதை அனுப்புகிறவர் மீண்டவராகவே இருந்தாலும் அது மீண்டவர் துணை ஆகாது. ‘எனக்கு ஆறு கீமோவோடு நிறுத்திட்டாங்க, நீங்க எதுக்கு எட்டு போடுறீங்க?’ என்று கேட்பதும் ஆகாது. ஒரே பெயருள்ள நோயிலும் உள்ளே வகைகள் வேறு, மருந்துகள் வேறு. கீமோ நடக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணி ஆனாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது, சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிப் போய்விடலாம். நல்ல துணைவர் இதைத்தான் முதலில் சொல்வார்.

துணைக்குப் போகிறவருக்கும் வலி உண்டு. பேசிப் பழகியவர் இறந்துபோவார். ‘எனக்கு மட்டும் ஏன் சரியாச்சு?’ என்ற கேள்வி வரும். தன் அடுத்த ஸ்கேன் நெருங்கும்போது பழைய பயம் எல்லாம் திரும்பி வரும். அதனால் தொண்டர்களும் மாதம் ஒருமுறையாவது தங்களுக்குள் கூடிப் பேச இடம் இருக்க வேண்டும். கொஞ்ச நாள் விலகி இருக்க நினைத்தால், விலகவும் விட வேண்டும்.

எங்கே தொடங்குவது?

நீங்கள் நோயாளியோ, வீட்டில் ஒருவருக்கு நோயோ என்றால், மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இதே ஆபரேஷன் செய்துகொண்ட யாராவது ஒருவரிடம் நான் பேச முடியுமா?” அவருக்கு ஞாபகத்தில் ஆள் இருக்கும். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர்களோ மனநலப் பிரிவோ இருக்கும், அவர்கள் வழியாகவும் கேட்கலாம். யாருடைய எண்ணையும் அவர் சம்மதம் இல்லாமல் தர மாட்டார்கள், அது சரியும்கூட. முதல் பேச்சிலேயே ஒட்டவில்லை என்றால் வேறு ஒருவரைக் கேட்பதில் தப்பில்லை.

நீங்கள் மீண்டவர் என்றால், அவசரப்படாதீர்கள். சிலருக்கு அந்தக் கட்டடத்தின் பக்கம் போகவே ஆண்டுகள் ஆகும். அம்மாவுக்கு அப்படித்தான். சிகிச்சை முடிந்த பிறகும் அந்த வார்டில் அடிக்கும் ஸ்பிரிட் வாசனை எங்கேயாவது வந்தால் குமட்டும். கீமோ முடிந்தவர்களில் பலருக்கு இது உண்டு. புதுக்கோட்டைப் பெண்ணை அப்புறம் நாங்கள் பார்க்கவில்லை. பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனது எனக்கு இன்றும் குறைதான்.

மூன்றாம் வருஷம், எதிர்வீட்டுக்காரரின் தங்கைக்கு நோய் வந்தது. அவர் தயங்கித் தயங்கி அம்மாவின் எண்ணைக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்பு வந்தது. அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் பேச்சு நடந்தது. நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோதெல்லாம், “ம்”, “ஆமா”, “ம்ம்” என்பதைத் தவிர அம்மா எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. கடைசியில்தான் குரல் கொஞ்சம் உயர்ந்தது:

“செவப்பு மருந்தா? அப்படின்னா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கம்மா.”